நூற்று முப்பத்தேழாவது வரி

ஞாயிற்றுக்கிழமைகூட ஆஸ்டின் டவுனிலிருந்து மாரத்தஹள்ளிக்கு பஸ் ஏறிப் போகிறாளே, பெரிய வேலையாகத்தான் இருக்கும் என்று சிந்தியாவைப் பற்றித் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் அதை மறுத்ததில்லை. மறுப்பதென்றால் வேலையை விளக்க வேண்டும். விளக்கினால் யாரும் நம்பமாட்டார்கள்.

வேலை இதுதான். பெங்களூரில் நாற்பது கிளைகள் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அவளுடைய கம்பெனி மென்பொருள் நடத்திக் கொடுத்தது. மறுநாள் காலை யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற பட்டியல் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தயாராகும். பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோருடைய போனுக்கும் செய்தியாகப் போய்விடும். நடுவில் ஒரு சிக்கல் இருந்தது. பட்டியலைத் தயாரிக்கும் நிரல் டாமரிண்ட் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. நார்வேக்காரர்கள் சிலர் சேர்ந்து உண்டாக்கிய மொழி. அதன் சின்னம் ஒரு புளியங்காய். அவர்கள் புளியை ஒருதரமாவது கரைத்துப் பார்த்தவர்களா என்று தெரியாது. இந்தியக் கடிகாரத்தைப் பார்த்தவர்கள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நாட்டுக்கு நாடு நேர வித்தியாசம் முழு மணியில்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். நமக்கோ ஐந்தரை மணி. அந்த அரையை டாமரிண்ட் விழுங்கிவிடும். ஏழரைக்கு வர வேண்டியவருக்கு ஏழு என்று விழும்.

ஆகவே தினமும் பன்னிரண்டரைக்கு ஒருவர், மூன்றாவது மாடியில் அதற்கென்றே இருக்கும் கணினியின் முன் உட்கார்ந்து, பட்டியலை முழுக்கத் தேர்ந்தெடுத்து, பிளஸ் முப்பது என்று அடித்து, பக்கத்திலிருக்கும் கருவியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். அந்த ஒருவர் சிந்தியா. வாரத்தில் ஏழு நாளும்.

அவளுக்கு முன்னால் இதைச் செய்தவர் டேரில். பதினான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரு வேதியியல் பட்டமும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பும் கையிலிருக்க அவள் வந்து சேர்ந்த அன்று, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை உட்காரச் சொன்னார். ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டைத் திரையின் ஓரத்தில் ஒட்டினார். '12.30 +30' என்று அதில் இருந்தது. ஏன் முப்பது என்று அவள் கேட்டாள்.

"நானும் கேட்டேம்மா. மூணு வருஷம் ஆயிடுச்சு" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்குக் கம்பெனியில் 'செயல்முறை 44' என்று பெயர். அதன் ஏட்டில் டேரிலின் பெயர் இருந்தது. ஏட்டில் பெயரை மாற்றுவது ஒரு மாற்றம். எந்த மாற்றத்துக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வர ஒன்பது மாதம் ஆனது. அதுவரை சிந்தியா தினமும் டேரில் என்று கையெழுத்துப் போட்டாள். பிறகு, ஒருவர் பெயரில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று கண்டுபிடித்து, கைரேகைக் கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றோடு அவளுக்கு விடுப்பு என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. அந்தப் பிளஸ் முப்பதை நிரலிலேயே ஒரு வரியாக எழுதிவிடலாமே என்று அவள் விண்ணப்பித்துப் பார்த்தாள். தானாக நடந்தால் கைரேகை யாருடையது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரே ஒருநாள் டொம்லூர் நெரிசலில் மாட்டி அவள் இருபது நிமிடம் தாமதமாகப் போனாள். மறுநாள் விடிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் வெறும் வயிற்றோடு, திறக்காத ஷட்டர்களுக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றார்கள். அதில் சிந்தியாவின் மம்மி பியாட்ரிஸும் ஒருத்தி. மம்மிக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எப்போதும் ஏழரை மணிக்குத்தான் முறை கேட்டு வாங்குவாள். "ஏழுன்னு மெசேஜ் அனுப்பிட்டு ஏழரைக்குத் தொறக்கறானுங்க. எந்தக் கழுதை இதெல்லாம் பாத்துக்குதோ" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். சிந்தியா காபி போட்டுக் கொடுத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா கேரலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மௌரீன் என்று பெயர் பார்த்து வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தது பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி, விவேக் நகர் கோவிலில். அந்த வாரமே சாம்பல் புதன் வந்துவிடும். பிறகு தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வரும்வரை ஃபாதர் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார். குழந்தையின் அப்பா கிளெமென்ட் மஸ்கட்டிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை. ஞானத்தாய் சிந்தியா.

"நாலு பேர் முன்னாடி நீ வாயே தொறக்க மாட்ட, சிந்தி. எம் பொண்ணுக்காக அன்னிக்குத் தொறந்து பதில் சொல்லணும்" என்றாள் கேரல். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கும் ஆபீஸுன்னா இப்பவே சொல்லிடு. வேற ஆளப் பாத்துக்கறேன். அப்புறம் சித்தின்னு கேக் எடுத்துக்கிட்டு வராத" என்றும் சொன்னாள்.

சிந்தியா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

ஜனவரி முதல் வாரத்தில் டாமரிண்ட் 9 வெளிவந்தது. கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது டாமரிண்ட் 4. புதிய பதிப்போடு வந்த குறிப்பில் நாற்பத்தொரு புதிய வசதிகளும் இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களும் இருந்தன. சிந்தியா அதை பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் படித்தாள். திருத்தங்களில் நூற்று முப்பத்தேழாவது வரிக்கு வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். 'அரைமணி வித்தியாசம் உள்ள நாடுகளில் அரைமணி நேரம் காணாமல் போவது சரிசெய்யப்பட்டது.' அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

அவள் நேராக டீம் லீடர் டிரேவரிடம் போனாள். டிரேவர் நல்ல மனிதர். யார் என்ன கேட்டாலும் நான் உன் பக்கம்தான் என்று சொல்வார். அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்ததாக யாருக்கும் நினைவில்லை.

"நான் உன் பக்கம்தான் சிண்டி," என்றார். "ஃபார்ம் பதினொண்ணு போடு."

ஃபார்ம் பதினொன்றின் முதல் கேள்வி: இந்த மாற்றத்தால் என்ன மாறும்? சிந்தியா யோசித்து, 'ஒன்றும் மாறாது. இப்போது கையால் சரிசெய்வது தானாகச் சரியாக இருக்கும்' என்று எழுதினாள். ஒன்றும் மாறாது என்றால் இது மாற்றம் ஆகாது, ஆகவே பரிசீலிக்க இயலாது என்று படிவம் திரும்பி வந்தது. 'எல்லாம் மாறும்' என்று எழுதினாள். எல்லாம் மாறும் என்றால் பன்னிரண்டாம் படிவம் என்றார்கள். இரண்டாவது கேள்வி: தற்போதைய நிலையால் பாதிக்கப்படுபவர் யார்? 'நான்' என்று எழுதினாள். ஊழியர்கள் பாதிக்கப்படுபவர் பட்டியலில் வரமாட்டார்கள் என்று திரும்பியது. ஐந்தாவது முறை, டிரேவர் சொன்னபடி எல்லா இடங்களிலும் 'இணைப்பைக் காண்க' என்று எழுதி, எதையும் இணைக்காமல் அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

குழுவின் பெயர் மாற்றத்தை வரவேற்கும் குழு. செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்குக் கூடும். மத்தூர் வடை வரும். தலைவர் கோவிந்தராஜன், கம்பெனி தொடங்கிய நாள் முதல் இருப்பவர். வடையைப் பிட்டு வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார், பேசி முடிக்கும்போது வடை ஆறியிருக்கும். அவருக்கு வலப்பக்கம் வேதநாயகி. செயல்முறைகள் எல்லாம் அவள் பொறுப்பு. நூற்றுப்பதினாறு செயல்முறைகளையும் எண் சொன்னால் மனப்பாடமாக ஒப்பிப்பாள்.

சிந்தியா பேச வேண்டியதை பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். எட்டு வாக்கியங்கள். அறைக்குள் நுழைந்து இருபது முகங்களைப் பார்த்ததும் அவற்றில் ஏழு போய்விட்டன. மிச்சமிருந்தது 'வணக்கம் சார்'.

கோவிந்தராஜன் அவளை அன்பாகப் பார்த்தார்.

"பயப்படாதம்மா. மாற்றத்துக்கு நாங்க எதிரி இல்ல. பதினோரு வருஷத்துல தொள்ளாயிரத்து இருபத்தாறு மாற்றம் இந்த மேஜைக்கு வந்திருக்கு. நாங்க ஒப்புதல் குடுத்த ஒண்ணாலயும் இன்னி வரைக்கும் ஒரு சின்ன பிரச்சினை வந்ததில்ல."

எல்லோரும் தலையசைத்தார்கள். ஒப்புதல் கொடுக்கப்பட்டவை நான்கு. கூட்டத்தைத் திங்களிலிருந்து செவ்வாய்க்கு மாற்றியது, மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்ற பெயரை மாற்றத்தை வரவேற்கும் குழு என்று ஆக்கியது, டேரிலைச் சிந்தியாவாக ஆக்கியது, கைரேகைக் கருவி.

வேதநாயகி குறிப்பை அச்செடுத்து வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள்.

"நம்ம பழைய வெர்ஷன் இத்தனை வருஷத்துல ஒரு தப்பையாவது ஒத்துக்கிட்டிருக்கா? இது வந்த அன்னிக்கே இருநூத்திப் பன்னெண்டு தப்பை ஒத்துக்குது. இத எப்படி நம்பறது?"

எல்லோரும் மறுபடி தலையசைத்தார்கள். சிந்தியாவிடம் பதில் இருந்தது. ஆனால் அது வெளியே வருவதற்குள் முடிவாகிவிட்டது. இருநூற்று ஐம்பத்து மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகக் குழுவுக்கு விளக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு ஸ்லைடு. வேண்டியது ஒரு வரிதான் என்றாலும் வண்டியை வாங்கும்போது சக்கரத்தை மட்டுமா பார்க்கிறோம் என்று கேட்டார் கோவிந்தராஜன். சிந்தியா ஆமாம் சார் என்றாள்.

அடுத்த ஐந்து செவ்வாய்க்கிழமைகள் அவள் ஸ்லைடு காட்டினாள். பன்னிரண்டு இருபதுக்கு எழுந்து, மன்னிப்புக் கேட்டு, மூன்றாவது மாடிக்கு ஓடிப் பிளஸ் முப்பது அடித்துவிட்டு, திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவள் ஏன் ஓடுகிறாள் என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். இந்த மாற்றம் வந்தால் ஓடத் தேவையில்லை என்று அவள் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு, உடற்பயிற்சி குறையும் என்பதை இழப்புகளில் சேர்த்தார்.

புதிய வசதிகளில் மூன்றாவது, பத்து வரியில் எழுதுவதை இரண்டு வரியில் எழுதலாம் என்பது. ஊழியர்கள் நாளுக்கு எத்தனை வரி எழுதுகிறார்கள் என்று பார்த்துத்தான் ஆண்டு மதிப்பீடு நடக்கிறது, ஆகவே இது எல்லோரையும் ஒரே நாளில் சோம்பேறிகளாகக் காட்டும் என்றார்கள். சிவப்புக் குறி. பதினெட்டாவது, பிழை வந்தால் எங்கே, எதனால் என்று தெளிவான வாசகம் வரும் என்பது. இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தெளிவாகச் சொன்னால் தவறு யாருடையது என்று வாடிக்கையாளருக்கே தெரிந்துவிடாதா என்று கேட்டாள் வேதநாயகி. இரண்டு சிவப்புக் குறி. முப்பதாவது, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கட்டளை நீக்கப்படுகிறது. நீக்குவதற்கு முன் மூன்று மாத நோட்டீஸ் தரப்பட்டதா என்று மனிதவளத் துறையிலிருந்து கேட்டார்கள். அது ஆள் இல்லை, கட்டளை என்று சிந்தியா சொன்னாள். எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டார்கள். பதினெட்டு என்றாள். மூன்று சிவப்புக் குறி.

ஆறாவது வசதியில் மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. குறித்த நேரம் வரை காத்திருந்து, எதிர்பார்த்தது நடக்காவிட்டால் தானாகவே அடுத்ததைச் செய்யும் ஒரு கட்டளை. அப்போதுதான் வடை வந்திருந்தது.

நூற்று முப்பத்தேழாவது திருத்தம் நான்காவது செவ்வாயன்று வந்தது. சிந்தியா முதல்முறையாகக் குரலை உயர்த்தி, இதுதான் சார் என்றாள். கோவிந்தராஜன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அரைமணி நேரம் திரும்பி வருது. சரி. இவ்வளவு நாள் அது இல்லாமத்தானே சமாளிச்சோம்?"

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது கேரல் குழந்தைக்கு வெள்ளை கவுன் வாங்கி வந்து காட்டினாள். லேஸ் வைத்தது. லீவு சொல்லிட்டியா என்று கேட்டாள். சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள் சிந்தியா. அதில் பொய் எதுவும் இல்லை.

ஐந்தாவது செவ்வாயன்று ஒப்புதல் கிடைத்துவிட்டது. எப்படி என்று சொல்லியாக வேண்டும். தரச் சான்றிதழ் கொடுக்கும் வெளியார் திங்கட்கிழமை வரவிருந்தார்கள். இந்த ஆண்டு எத்தனை மாற்றங்களை வரவேற்றீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். வேதநாயகி ஏட்டைப் புரட்டினாள்; பூஜ்யம். கோவிந்தராஜன் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். மேஜையில் இருந்தது சிந்தியாவின் கோப்பு ஒன்றுதான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்தக் குழுவின் துணிச்சலை நாளைக்கு வருபவர்கள் நினைத்துப் பார்ப்பார்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை டாமரிண்ட் 9 வந்தது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பதால் ஒரு மணிக்கு முகூர்த்தம் வைத்தார்கள். சர்வர் அறைக் கதவில் மாவிலை கட்டினார்கள். குத்துவிளக்கு ஏற்றினால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் விளக்கின் படத்தை டிவியில் காட்டி, ஒவ்வொருவராக ரிமோட்டை அழுத்தித் திரியை ஏற்றினார்கள். ஒன்பது என்று எழுதிய கேக் இருந்தது. கோவிந்தராஜன் பேசினார். மாற்றம் ஒன்றே மாறாதது, நாமும் மாறாமல் இருக்கிறோம் என்றார். கைதட்டினார்கள். சிந்தியா கேக் வரிசையில் கடைசியாக நின்றாள். ஒன்பதின் வால் கிடைத்தது.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் வந்தது. ஏழரை என்றால் ஏழரை. எட்டேகால் என்றால் எட்டேகால். சிந்தியா மேலிருந்து கீழே வரை பார்த்தாள். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மஞ்சள் துண்டுச்சீட்டைத் திரையிலிருந்து உரித்தாள். பசை காய்ந்து அதன் அடையாளம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டே காலுக்கு வேதநாயகி வந்து பக்கத்தில் நின்றாள். திங்கட்கிழமைக்காக எல்லாச் செயல்முறைகளையும் நேரில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திநாலு. பன்னெண்டரைக்கு பிளஸ் முப்பது, கைரேகை. செய்."

இனி அது தேவையில்லை, நேரமெல்லாம் சரியாகவே வருகிறது என்று சிந்தியா சொன்னாள். திரையைக் காட்டினாள். வேதநாயகி திரையைப் பார்த்தாள். பிறகு ஏட்டைப் பார்த்தாள். ஏட்டில் தேவை இல்லாவிட்டால் என்று ஒரு வரி இல்லை. பிளஸ் முப்பது அடித்தால் ஏழரை எட்டாகிவிடும், ஜனங்கள் அரைமணி தாமதமாக வருவார்கள். அடிக்காவிட்டால் செயல்முறை மீறப்படும், சான்றிதழ் போய்விடும். செயல்முறையை நீக்கலாம், நீக்குவது ஒரு மாற்றம், அடுத்த செவ்வாய்தான் கூட்டம். அவள் கோவிந்தராஜனுக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் எங்கோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். நாதஸ்வரம் கேட்டது. விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணுங்க. பன்னெண்டுக்கு லிஸ்ட் வந்தவுடனே அரைமணிய எடுத்துடுங்க. பன்னெண்டரைக்கு அந்தப் பொண்ணு போடட்டும். அதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கச் சொல்லுங்க."

சிந்தியா தன்னையறியாமல் கேட்டாள். "ஃபார்ம் பதினொண்ணு, சார்?"

"அது எதுக்கும்மா? பழைய நிலைமைக்குத்தானே திரும்பறோம். இதுல என்ன மாற்றம் இருக்கு?"

சிந்தியா எழுதினாள். நான்கு வரி. பட்டியல் வந்ததும் எல்லா நேரத்திலிருந்தும் முப்பது நிமிடத்தைக் கழிக்கும். நாளை மறுபடி இந்த நாற்காலிதான் என்பது இரண்டாவது வரி எழுதும்போதே தெரிந்துவிட்டது. அக்காவின் முகத்தை நினைத்துப் பார்க்கவில்லை. கவுனின் லேஸ்தான் நினைவுக்கு வந்தது. நான்காவது வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று எழுதினாள். டாமரிண்ட் 9-இன் ஆறாவது புதிய வசதி. பன்னிரண்டு நாற்பது வரை காத்திரு. கைரேகை வராவிட்டால் எடுத்த முப்பதை நீயே திருப்பிப் போடு.

வேதநாயகி திரைக்குக் குனிந்தாள். "நாலு வரின்னியே. அஞ்சு இருக்கு?"

"ஒண்ணு சேஃப்டிக்கு, மேடம்."

"சேஃப்டின்னா நல்லதுதான்" என்று குறித்துக்கொண்டாள். முழு ஒப்புதலுக்கும் ஆன நேரம் பதினோரு நிமிடம். சிந்தியா அந்தக் கம்பெனியில் எழுதியதிலேயே கேள்வி இல்லாமல் ஏற்கப்பட்டது அது ஒன்றுதான். அன்று பன்னிரண்டரைக்கு அவளே பிளஸ் முப்பது அடித்தாள். கட்டைவிரலை வைத்தாள். வேதநாயகி டிக் போட்டாள்.

ஞாயிறு பதினொன்றே முக்காலுக்கு சிந்தியா விவேக் நகர் கோவிலில் இருந்தாள். பஸ் நிறுத்தம் வரை போனது உண்மை. பஸ் வந்து நின்றதும் உண்மை. கண்டக்டர் கன்னடத்தில், பர்த்தீரா மேடம், வருகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் ஆட்டோ பிடித்தாள்.

வேறு மூன்று குழந்தைகளும் இருந்ததால் மௌரீனின் முறை வரக் கொஞ்சம் நேரம் ஆனது. பன்னிரண்டரைக்கு கைப்பை அதிரத் தொடங்கியது. டிரேவர். நின்றது. மறுபடி டிரேவர். பிறகு வேதநாயகி. கேரல் கைப்பையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அது சூடாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றாள் சிந்தியா. அதன் செயல்களை எல்லாம்? விட்டுவிடுகிறேன். கைப்பை அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் வெற்று வாக்குறுதிகளை எல்லாம்? விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னது கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஃபாதர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

தண்ணீர் விழுந்ததும் மௌரீன் வீறிட்டாள். அந்த வரிகள் வேலை செய்தனவா என்று சிந்தியாவுக்குத் தெரியாது. அவசரத்தில் எழுதியது, சோதித்துப் பார்க்கவில்லை. ஓர் எழுத்துப் பிசகியிருந்தாலும் நாளைக் காலை ஊரே பசியோடு ஷட்டர் முன்னால் நிற்கும். நெற்றியைத் துடைத்துவிட்டு அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பியாட்ரிஸின் போன் டிங் என்றது.

"கோவிலுக்குள்ள வந்து மெசேஜ் அனுப்பறான் பாரு" என்று மம்மி முணுமுணுத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "நாளைக்கு பிளட் டெஸ்ட்டு. ஏழரைக்காம்."

சிந்தியா சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று கேரல் கேட்டாள். இரண்டு பேர் கண்ணும் நனைந்திருந்ததால் அது அப்படியே விடப்பட்டது.

திங்கட்கிழமை மாலை குழு கூடியது. செவ்வாய்க்கு மாறிய பிறகு அது வேறொரு நாளில் கூடுவது இதுதான் முதல்முறை. சான்றிதழ்காரர்கள் காலையிலேயே செயல்முறை 44-இல் ஞாயிற்றுக்கிழமைக் கைரேகை இல்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். வடை வரவில்லை. கோவிந்தராஜன் முன்னால் ஒரே ஒரு தாள் இருந்தது.

"நேத்து நீ வரல. ஆனா இன்னிக்குக் காலையில நாப்பது சென்டர்லயும் எல்லாரும் கரெக்ட் டைமுக்கு வந்திருக்காங்க." தாளைக் கீழே வைத்தார். "யார் பர்மிஷன்ல?"

சிந்தியா எழுந்து நின்றாள். இருபது முகங்கள். ஆனால் இந்த முறை வாக்கியம் ஓடிப்போகவில்லை.

"நீங்கதான் சார். டாமரிண்ட் ஒன்பதுல நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அது சரியாத்தான் வருது. நாமதான் எடுத்து எடுத்துப் போடறோம்."

டிரேவர் மேஜைக்கடியில் பார்த்தார். நான் உன் பக்கம்தான் என்று பிறகு அவளுக்குச் செய்தி அனுப்பினார். வேதநாயகி அறிக்கையை வாசித்தாள். சம்பவம்: உரிய கைரேகை இன்றிச் சரியாக நடந்தது. காரணம்: ஒரே ஒருவரை நம்பியிருந்தது. தீர்வு: செயல்முறை 44-க்கு இனி மூன்று பேர். ஐந்தாவது வரி நீக்கப்படும். முதல் நான்கு வரிகள் இருக்கும். சுட்டிக்காட்டிய பிரச்சினையை அன்றே தீர்த்ததற்காக, கம்பெனிக்கு மிகச் சிறப்பு என்ற தரத்தில் சான்றிதழ் கிடைத்தது. சிந்தியா பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டாள். தண்டனையாக, புதிய மூவருக்கும் அவள் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆறு மாதம், ஞாயிறு உட்பட.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டே காலுக்கு அவள் மூன்றாவது மாடியில் இருந்தாள். பின்னால் மூன்று நாற்காலிகளில் மூன்று பேர், புதிய நோட்டோடு. மூவரும் அவளைவிட வயதில் பெரியவர்கள். அல்சூரிலிருந்து வரும் சாந்தகுமாரி, இரண்டு பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் முப்பது?"

டேரில் சொன்னது சிந்தியாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. டாமரிண்ட் 9-இன் குறிப்பைத் திரையில் திறந்து, நூற்று முப்பத்தேழாவது வரியைக் காட்டினாள். பக்கத்தில் தான் எழுதிய நான்கு வரிகளையும் திறந்து வைத்தாள். மூன்று பேரும் குனிந்து படித்தார்கள். இரண்டுமுறை படித்தார்கள்.

சாந்தகுமாரி பேனாவை மூடினாள். "அப்ப நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

"செவ்வாக்கெழம கேளுங்க" என்றாள் சிந்தியா.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. அவள் திரும்பி உட்கார்ந்து பிளஸ் முப்பது அடித்தாள்.